ஐங்கரன் கேட்டு வாங்கிய மாற்றம்

ஐங்கரன் ஜெர்மனியின் எசன் நகரில் ட்ராம் ஓட்டுகிறவன். இருபது வயதில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தான். கூப்பிட்டெடுத்தவர் டோர்ட்மண்டில் இருந்த மூத்த அண்ணன் சிவகுருநாதன். முதல் இரண்டு வருடமும் அண்ணன் வீட்டுச் சோபாதான் அவனுக்குக் கட்டில். டொச் எனப்படும் ஜெர்மன் மொழி வகுப்பில் சேர்த்துவிட்டதும், வேலைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்ததும், கவிசாவைப் பெண் கேட்டுப் போனதும் அண்ணன்தான். அதனால், நாற்பது வயதைத் தாண்டிய பிறகும் அண்ணன் முன்னால் அவன் குரல் ஒரு படி இறங்கியே இருக்கும்.

ஊர்ச் சனத்துக்குள் அவனுக்கு நல்ல பெயர். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பரிசளிப்பு விழா என்றால் கதிரை அடுக்குவதிலிருந்து கடைசியில் மண்டபத்தைக் கூட்டித் துடைப்பது வரை நிற்பான். ஒரு வருடம் வரவேற்புரையும் அவன்தான் சொன்னான். ஊரில் எங்களைப் பிரித்து வைத்தவை எல்லாவற்றையும் கடலுக்கு அந்தப் பக்கமே விட்டுவிட்டு வந்தோம் என்று அதில் ஒரு வசனம் வந்தது. நன்றாகக் கை தட்டினார்கள். அதைச் சொன்னபோது அவன் பொய் சொல்லவில்லை. உண்மையென்றே நம்பினான்.

அவனுக்கு ஒரே பிள்ளை, ஆரணி. அவள் நாலாம் வகுப்புக்குப் போன ஆவணி மாதத்தில்தான் இது தொடங்கியது.

அந்த ஊர் ஆரம்பப் பள்ளிகளில் நாலாம் வகுப்போடு சரி. அதற்குப் பிறகு வேறு பள்ளிக்கூடம். ஆகவே ஒன்பது வயதும் பத்து வயதுமான நாலாம் வகுப்புப் பிள்ளைகள்தான் அங்கே பெரிய மனிதர்கள். இடைவேளையில் மஞ்சள் மேலங்கி போட்டுக்கொண்டு முற்றத்தைச் சுற்றி, விழுந்த பிள்ளையைத் தூக்கி விடுவார்கள். நூலகத்தில் புத்தகத்துக்கு முத்திரை குத்துவார்கள். சண்டை பிடித்த இரண்டு பேரைச் சின்ன அறைக்குள் இருத்தி, ஒருவர் பேச மற்றவர் கேட்க வைத்து, சமாதானம் பண்ணி அனுப்புவார்கள். அதற்கென்று ஒரு பயிற்சியும் உண்டு. எல்லாவற்றையும்விடப் பெரிய பொறுப்பு, புதிதாக வரும் முதலாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை ஒரு வருடத்துக்குக் கையில் எடுத்துக்கொள்வது. அப்படி எடுத்துக்கொள்ளும் பெண்பிள்ளைக்கு டொச்சில் 'பாட்டின்' என்று பெயர்.

ஆரணி வீட்டுக்கு வந்து, "அப்பா, நான் இப்ப பாட்டின்" என்று சொன்னபோது ஐங்கரன் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணீர் மூக்குக்குள் ஏறிவிட்டது.

"ஒன்பது வயசில பாட்டியோ?"

"பாட்டி இல்லை அப்பா, பாட்டின்."

அன்றிலிருந்து வீட்டில் அவளைப் 'பாட்டி' என்றுதான் கூப்பிட்டான்.

அவள் கையில் வந்து சேர்ந்த பிள்ளையின் பெயர் நிலக்சி. அதே தெருவில், நாலைந்து கட்டடம் தள்ளி இருந்தார்கள். அப்பா சயந்தன் முன்பே வந்து ரொட்டித் தொழிற்சாலையில் வேலை செய்தான். தாய் ஆதிரையும் பிள்ளையும் அந்த வசந்த காலத்தில்தான் விசா கிடைத்து வந்திருந்தார்கள். பிள்ளைக்கு டொச்சில் பத்துச் சொல்லும் தெரியாது. அதைப் பார்த்துத்தான் வகுப்பாசிரியை ஃப்ராவ் வேபர் ஆரணியிடம் கொடுத்தார்.

முதல் நாள், புதுப் பிள்ளைகள் தங்கள் உயரத்தில் பாதி இருக்கும் கடதாசிக் கூம்புகளை இனிப்புகளோடு கட்டிப்பிடித்துக்கொண்டு மண்டபத்தில் நின்றார்கள். நிலக்சி ஒரு கையால் கூம்பையும் மறு கையால் ஆரணியின் சட்டை நுனியையும் பிடித்தாள். அந்தப் பிடியை ஒரு மாதம் வரைக்கும் விடவில்லை.

ஆரணி காலையில் கால் மணித்தியாலம் முந்தி எழும்பத் தொடங்கினாள். அதுவரை அவளை எழுப்புவதே கவிசாவுக்குப் பெரிய பாடு. இப்போது தானாக எழும்பி, தலை இழுத்து, நிலக்சி வீட்டு மணியை அடித்து, கூட்டிக்கொண்டு போனாள். கழிப்பறைக்குப் போகக் கேட்பது எப்படி, ஏறித் தொங்கும் குரங்குக் கம்பியில் முன்னால் நிற்கிறவனைத் தள்ளாமல் 'இப்ப என்ர முறை' என்று சொல்வது எப்படி, மதியச் சாப்பாட்டில் பன்றி இறைச்சி வேண்டாம் என்று சொல்வது எப்படி எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். பதிலுக்கு நிலக்சி இவளுடைய தமிழைத் திருத்தினாள். "ஆரணி அக்கா, மழை விழுறேல்லை, பெய்யிறது" என்று அந்த ஆறு வயசு சொன்னதை ஆரணி இரவுச் சாப்பாட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஐந்து வருடம் சனிக்கிழமைப் பள்ளிக்கு அனுப்பியும் வராத தமிழ் வருகிறதே என்று ஐங்கரனுக்கும் சந்தோசம்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் டோர்ட்மண்டிலிருந்து வந்திருந்தார். கவிசா தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். பெரியப்பா பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்க, ஆரணி ஒன்றும் விடாமல் சொன்னாள். முந்தின நாள் நிலக்சி வீட்டில் புட்டும் முட்டைப் பொரியலும் சாப்பிட்டதையும் சொன்னாள்.

"ஆற்ற பிள்ளை அது?" என்று அண்ணன் தம்பியைக் கேட்டார்.

"சயந்தன் எண்டு. உந்த ரொட்டிப் பக்டரியில நிக்கிற பெடியன்."

"ஊர்?"

ஐங்கரன் ஊரைச் சொன்னான். அண்ணன் ஊருக்குள் எந்தப் பக்கம் என்று கேட்டார். அதையும் சொன்னான். ஆரணி தன் அறைக்குப் போகட்டும் என்று அண்ணன் காத்திருந்தார்.

"அவை எங்கட ஆக்கள் இல்லை. உனக்குத் தெரியுமெல்லோ?"

"தெரியும் அண்ணை."

"தெரிஞ்சோ பிள்ளையைச் சாப்பிட விட்டனி?"

ஐங்கரன் மேசை விரிப்பைப் பார்த்தான்.

"எனக்கு ஒண்டும் இல்லை," என்றார் அண்ணன். "நான் ஆரோடையும் பழகுவன். ஆனா பொம்பிளைப் பிள்ளை. நாளைக்கு ஒரு சம்பந்தம் எண்டு வரேக்க, ஆற்ற வீட்டில இருந்து வளர்ந்தவள் எண்டு நாலு பேர் கதைப்பினம். உன்ர விருப்பம்."

நாலாம் வகுப்புப் பிள்ளையின் சம்பந்தத்தைப் பற்றிப் பேசுகிறீர்களே என்று ஐங்கரன் சிரித்திருக்கலாம். அந்த இடத்தில் சிரித்திருந்தாலே போதும், கதை முடிந்திருக்கும். அவன் "ஓம் அண்ணை" என்றான்.

சயந்தன் மீது அவனுக்கு எந்த வெறுப்பும் இல்லை. ட்ராம் தரிப்பில் கண்டால் கை காட்டுவான். சாதி பார்க்கிறவன் என்று யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பான். அண்ணன் அடுத்த முறை வந்து "பிள்ளை இப்பவும் அங்க போறாளோ?" என்று கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் அவன் நெஞ்சுக்குள் கிடந்து குடைந்தது. ஆரணியிடம் போகாதே என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். கவிசாவிடம் சொன்னால் வீடு இரண்டாகும்.

வழி ஒன்று ட்ராம் ஓட்டிக்கொண்டிருக்கும்போது தோன்றியது. அது இவ்வளவு நல்ல வழியாக இருந்ததில் அவனுக்கே ஆச்சரியம். கடைசித் தரிப்புக்கு வருவதற்குள் அது உண்மை என்று அவனே பாதி நம்பிவிட்டான். வேலை முடிந்ததும் பள்ளிக்கூடத்துக்குத் தொலைபேசி எடுத்து ஃப்ராவ் வேபரைச் சந்திக்க டெர்மீன் கேட்டான்.

ஃப்ராவ் வேபர் ஓய்வு பெற இன்னும் சில வருடங்களே இருந்த, மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் வைத்துவிட்டு மேசையில் தேடுகிற ஆசிரியை. பிள்ளைகளின் கதிரை ஒன்றில் ஐங்கரன் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

"எங்கள் வீட்டுக்கு இதில் ஒரு குறையும் இல்லை," என்று டொச்சில் தொடங்கினான். "நான் யோசிப்பது நிலக்சியைப் பற்றி. இரண்டு பேரும் முழு நாளும் தமிழிலேயே கதைக்கிறார்கள். அந்தப் பிள்ளை டொச் எப்போது படிக்கும்? தமிழ் தெரியாத ஒரு பிள்ளையோடு விட்டால் நல்லதல்லவா? நானும் மொழி தெரியாமல் இந்த நாட்டுக்கு வந்தவன்தான். அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும்."

ஃப்ராவ் வேபர், நான் நினைத்தது வேறு, பிள்ளைக்கு முதலில் பயம் தெளியட்டும் என்றுதான் ஆரணியிடம் கொடுத்தேன் என்றார். பிறகு, "ஆனால் நீங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நீங்கள் அதை அனுபவித்தவர்," என்றார். வாசல் வரை வந்து கை கொடுத்தபோது ஒன்று சொன்னார். "தன் பிள்ளையைப் பற்றிக் கேட்க வரும் பெற்றோர்கள்தான் எனக்குப் பழக்கம். அடுத்தவர் பிள்ளைக்காக வந்தவர் நீங்கள்தான்."

அந்தப் பாராட்டை அவன் வாங்கிக்கொண்டான். நன்றி என்றும் சொன்னான்.

அடுத்த வாரமே மாற்றம் நடந்தது. நிலக்சி, எலிஃப் என்ற துருக்கிப் பிள்ளையின் கைக்குப் போனாள். எலிஃபின் பொறுப்பில் இருந்தவன் வேறு ஊருக்குப் போயிருந்ததால் அவள் கை காலியாக இருந்தது. ஆரணிக்கு முதலாம் வகுப்பில் வேறு பிள்ளை இல்லை. நூலகத்தில் ஒரு நாள் கூடுதலாகக் கொடுத்தார்கள்.

ஆரணி அழவில்லை. சத்தம் போடவும் இல்லை. "ஃப்ராவ் வேபர் சொன்னவ, நான் நல்லாத்தான் செய்தனானாம். ஆனா நிலக்சிக்கு டொச் வரவேணுமாம்," என்று மட்டும் சொன்னாள். மறுநாள் காலை பழக்கதோசத்தில் வேளைக்கு எழும்பி, சப்பாத்தும் போட்டுக்கொண்டு, போவதற்கு இடம் இல்லாமல் வாசல் பாயில் இருந்தாள். ஐங்கரன் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

கார்த்திகை மாதத்தில் ஒரு காலை, அவனுடைய ட்ராம் பள்ளிக்கூடத் தெரு முனையில் சிவப்பு விளக்குக்கு நின்றது. உயரமான கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்தான். வலப் பக்க நடைபாதையில் எலிஃபும் நிலக்சியும் கை கோத்துக்கொண்டு போனார்கள். இடப் பக்கத்தில் ஆரணி தனியே போனாள். அவள் நடை வேகமான நடை. ஆனால் அன்றைக்கு நாலு அடி வைத்து நின்றாள், சப்பாத்துக் கயிற்றைக் குனிந்து பார்த்தாள், பிறகு நடந்தாள், மறுபடியும் நின்றாள். அவர்களைத் தாண்டிவிடக் கூடாது, அவர்கள் தன்னைக் கண்டுவிடவும் கூடாது என்று பார்த்துப் பார்த்து நடந்தாள். விளக்கு பச்சையாகியதை ஐங்கரன் கவனிக்கவில்லை. பின்னால் வந்த கார்க்காரன்தான் ஹோர்ன் அடித்தான்.

அந்த வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. இரவுச் சாப்பாட்டில் ஆரணி சோற்றைக் குழைத்துக்கொண்டே சொன்னாள். "இண்டைக்கு நிலக்சி முற்றத்தில அழுதவ. சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. டொய்லெட்டுக்குக் கேக்க நான் சொல்லிக் குடுத்தது மறந்து போச்சுப் போல."

"எலிஃப் எங்க?" என்றாள் கவிசா.

"எலிஃப் சுகமில்லை, வரேல்லை. நான்தான் மஞ்சள் உடுப்போட நிண்டனான்."

"பிறகென்ன, நீ போய்க் கூட்டிக்கொண்டு போகேல்லையோ?"

"போகேல்லை. அவ என்னைக் கண்டிட்டுத் தமிழில கூப்பிட்டவ. நான் அவவோட தமிழில கதைச்சா அவவுக்கு டொச் வராதெல்லோ. நான் போய் டீச்சரைக் கூட்டிக்கொண்டு வந்தனான்."

ஐங்கரன் தட்டைத் தள்ளி வைத்தான். பிள்ளை அவன் சொன்ன பொய்யை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, அதை அச்சொட்டாகக் கடைப்பிடித்திருந்தாள். நனைந்த சட்டையோடு நின்ற ஆறு வயதுப் பிள்ளை 'ஆரணி அக்கா' என்று கூப்பிட, இவள் முதுகைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறாள்.

ஆரணி படுத்த பிறகு கவிசா பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். "டீச்சருக்கு இந்த யோசனை எங்கால வந்தது?"

அவள் தண்ணீர்க் குழாயைப் பூட்டினாள்.

"அண்ணை வந்திட்டுப் போன கிழமைக்குப் பிறகுதான் வந்தது. என்ன?"

"ஓம்."

கவிசா ஜெர்மனியில் பிறந்தவள். ஊரை ஒரு முறைதான் பார்த்திருந்தாள். ஆனாலும் அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கோயிலில், கலியாண வீட்டில், பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு 'அவை ஆர்?' என்று கேட்பதைக் கேட்டுத்தான் அவளும் வளர்ந்திருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"ட்ராமில ஒருத்தன் உங்களை ஊருக்குப் போ எண்டு சொன்னதுக்கு எத்தினை நாள் நித்திரை கொள்ளாமல் இருந்தனீங்கள்," என்றாள். அன்றிலிருந்து பல நாள் தேவைக்கு மட்டுமே பேசினாள்.

தை மாதம் பொங்கலுக்கு அண்ணன் வந்தார். காரில் ஏற்றிவிடப் போன இடத்தில், ஐங்கரன் கடைசியில் வாயைத் திறந்தான். "அண்ணை, நீங்கள் சொன்னதைக் கேட்டு நான் அந்தப் பிள்ளையை மாத்திவிட்டனான். அது பிழையாப் போச்சு."

அண்ணன் உண்மையாகவே திகைத்துப் போனார். "நான் உன்னைப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னனானோ? வெள்ளைக்காரியிட்டைப் போய் இதைக் கதைச்சனியோ?"

"அப்பிடிச் சொல்லேல்லை. டொச் படிக்கவேணும் எண்டுதான் சொன்னனான்."

"அது உன்ர கெட்டித்தனம்," என்றார் அண்ணன். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

தெருவில் நின்றபடியே ஐங்கரன் நினைத்துப் பார்த்தான். அண்ணன் சொன்னது சரி. 'உன்ர விருப்பம்' என்றுதான் அவர் சொல்லியிருந்தார். அதற்கு மேலே கட்டியது எல்லாம் தன் கைவேலை. அதுவரை பாதிப் பாரத்தை அண்ணன் தலையில் வைத்திருந்தான். அன்றைக்கு முழுவதும் அவன் தலைக்கே வந்தது.

அதற்குச் சில நாள் கழித்துச் சயந்தன் எதிர்ப்பட்டான். கடைசித் தரிப்பில் ட்ராமை நிறுத்திவிட்டு ஐங்கரன் இறங்கி நிற்க, வேலை உடுப்போடு வந்தவன் கிட்ட வந்தான்.

"அண்ணை, டீச்சர் சொன்னவ. பிள்ளையின்ர டொச்சைப் பற்றி நீங்கள்தான் யோசிச்சுச் சொன்னனீங்களாம்."

ஐங்கரன் ஏதோ முனகினான்.

"இப்ப கொஞ்சம் கொஞ்சமாக் கதைக்கிறாள். நன்றி அண்ணை."

சயந்தன் இதைச் சொல்லும்போது ஐங்கரனின் முகத்தைப் பார்க்கவில்லை. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். இவனுக்குத் தெரிந்திருக்கிறதா, தெரியாமல்தான் சொல்கிறானா என்று ஐங்கரனால் மட்டுக்கட்ட முடியவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பான். அந்த நன்றிதான் அதைவிடப் பாரமாக இருந்தது.

மாசியில் ஃப்ராவ் வேபரே அவனைக் கூப்பிட்டார். இம்முறை விசயம் ஆரணி. சண்டை தீர்க்கும் குழுவிலிருந்து விலகப் போகிறேன் என்று அவள் சொல்லியிருக்கிறாள். மஞ்சள் மேலங்கியையும் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"காரணம் கேட்டேன்," என்றார் ஃப்ராவ் வேபர். "'நான் உதவி செய்தால் பிள்ளைகளுக்குக் கெடுதிதான் வருகிறது. நிலக்சிக்கு நடந்த மாதிரி' என்றாள். ஒன்பது வயதுப் பிள்ளை இப்படிச் சொல்வது எனக்குக் கவலையாக இருக்கிறது. வீட்டில் ஏதாவது நடந்ததா?"

அதே சின்னக் கதிரை. சன்னலில் பிள்ளைகள் வெட்டி ஒட்டிய கடதாசிப் பூக்கள். வீட்டில் ஒன்றுமில்லை என்று சொல்லி எழும்பி வருவது எவ்வளவு சுலபம் என்று அவனுக்குத் தெரிந்தது. போன முறை வந்தது அந்தச் சுலபமான வழியில்தான்.

"நான் உங்களிடம் சொன்னது பொய்," என்றான்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

தமிழில்கூட வாய் விட்டுச் சொல்லாத ஒன்றை டொச்சில் சொல்லவேண்டியிருந்தது. சாதிக்கு டொச்சில் ஒரு சொல் உண்டு. ஆனால் அது இந்தியாவைப் பற்றிய பாடப் புத்தகத்தில் வருகிற சொல். அதைத் தன் வீட்டு மேசைக்கு, தன் மகள் சாப்பிட்ட புட்டுக்குப் பொருத்திச் சொல்ல அவன் தடுமாறினான். எங்கள் குடும்பத்தையும் அவர்கள் குடும்பத்தையும் பிறப்பை வைத்து மேல் கீழ் என்று வைத்திருக்கிறார்கள் என்றான். என் பிள்ளை அங்கே சாப்பிடுவது என் சகோதரனுக்குப் பிடிக்கவில்லை என்றான். பிறகு நிறுத்தி, "இல்லை. கேட்டது நான்," என்றான். தன்னை மட்டுமல்ல, இந்த நகரத்தில் இருக்கும் தமிழ்ச் சனம் எல்லாரையும் அந்த மேசையில் உடுப்பில்லாமல் நிறுத்திவிட்டது போல இருந்தது.

ஃப்ராவ் வேபர் மூக்குக்கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு, "நான் உங்களைப் பற்றி ஆசிரியர் அறையில் பெருமையாகச் சொன்னேன்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவரும் வெட்கப்பட்டார் என்பது அவனுக்குத் தெரிந்தது. அது இன்னும் மோசமாக இருந்தது.

"மறுபடியும் ஆரணியோடு விடலாமா?" என்று கேட்டான்.

"பிள்ளைகள் மேசை கதிரை இல்லை, ஹெர் ஐங்கரன். நிலக்சியைக் கேட்கவேண்டும்."

கேட்டார். நிலக்சி எலிஃபோடுதான் இருப்பேன் என்று சொன்னாள். அதை டொச்சிலேயே, முழு வசனமாகச் சொன்னாள் என்று ஃப்ராவ் வேபர் தொலைபேசியில் சொன்னார்.

அன்று பின்னேரம் ஐங்கரன் சயந்தன் வீட்டு மணியை அடித்தான். மூன்றாம் மாடி. கதவைத் திறந்த சயந்தன், உள்ளே கேட்காதபடி கதவைப் பின்னால் இழுத்துச் சாத்திக்கொண்டு படிக்கட்டு மேடைக்கு வந்தான். உள்ளே வாங்கோ என்று சொல்லவில்லை.

"தம்பி, டொச்சுக்காக மாத்தச் சொல்லேல்லை நான்."

"தெரியும் அண்ணை."

"எப்ப தெரியும்?"

"டீச்சர் சொன்ன அண்டைக்கே தெரியும்." சயந்தன் கைப்பிடிச் சுவரில் கை வைத்தான். "ஆதிரைக்குத்தான் விளங்கேல்லை. உண்மையிலேயே டொச்சுக்காக எண்டு நம்பிக்கொண்டிருக்கிறா. உங்களுக்குக் கோயிலில அருச்சனையும் செய்தவ."

ஐங்கரன் மன்னிப்புக் கேட்டு வரிசையாகச் சொல்ல நினைத்து வந்த வார்த்தைகள் எல்லாம் படிக்கட்டிலேயே எங்கோ விழுந்துவிட்டன. "நான் செய்தது பெரிய பிழை," என்று மட்டும் சொன்னான்.

"ஓம்," என்றான் சயந்தன். பிறகு, "ஒண்டு கேக்கிறன் அண்ணை. உங்கட பிள்ளைக்கு இந்தக் காரணத்தைச் சொல்லிப்போடாதேங்கோ. அவ நிலக்சிக்குச் சொல்லுவா. சின்னப்பிள்ளையள். என்ர பிள்ளைக்கு இப்பிடி ஒண்டு இருக்கெண்டே தெரியாது. நான் சொல்லேல்லை. தெரியிற வயசு வரேக்க தெரியட்டும்."

"சொல்லமாட்டன்."

சயந்தன் தலையாட்டிவிட்டு உள்ளே போனான். கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளை டொச்சில் எதையோ எண்ணிப் பாடுவது கேட்டது. ஐங்கரன் மெதுவாகப் படியிறங்கினான்.

ஆரணிக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும். காரணத்தைச் சொல்லக் கூடாது, பொய்யும் சொல்லக் கூடாது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிலிருந்து திரும்பும் வழியில், காரை ஒரு ஓரமாக நிறுத்தினான்.

"ஆரணி, நிலக்சியை உன்னட்டையிருந்து மாத்தினது டீச்சர் இல்லை. அப்பாதான் போய்க் கேட்டனான்."

அவள் திரும்பிப் பார்த்தாள். "ஏன்? நான் பிழையாச் செய்தனானோ?"

"நீ ஒரு பிழையும் செய்யேல்லை. நீ செய்தது எல்லாம் சரி. பிழை விட்டது நான். நீ அவையின்ர வீட்டை போறது எனக்கு விருப்பமில்லாமல் இருந்தது. அதுக்கு டொச்சைச் சாட்டினனான்."

"ஏன் விருப்பமில்லை? அவை நல்ல ஆக்கள்."

"ஓம். நல்ல ஆக்கள்."

"அப்ப ஏன்?"

ஐங்கரன் ஸ்டியரிங்கைப் பார்த்தான். ஆரணி காத்துக்கொண்டிருந்தாள். சண்டை தீர்க்கும் அறையில், எதிரே இருக்கிறவன் பேசத் தொடங்கும் வரைக்கும் பொறுத்திருக்கப் பழக்கப்பட்ட பிள்ளை. அந்தப் பொறுமையை அவனால் தாங்கமுடியவில்லை.

"அதைச் சொல்ல ஏலாது," என்றான். "சொல்லவே வெக்கமான ஒரு காரணம். நீ வளர்ந்த பிறகு கேள். சொல்லுவன்."

"எனக்கு அவ கூப்பிடேக்க போகவேணும் போலதான் இருந்தது," என்றாள் ஆரணி. அப்போதுதான் அழுதாள். மாற்றிய நாளில் அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதாள். அவன் தோளைத் தொட, கையைத் தட்டிவிட்டாள். வீடு போய்ச் சேரும் வரைக்கும் கண்ணாடிப் பக்கம் திரும்பியே இருந்தாள்.

ஈஸ்டர் விடுமுறை முடிந்த பிறகு அவள் மஞ்சள் மேலங்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். சண்டை தீர்க்கும் அறைக்கும் போனாள். அப்பாவோடு பேசினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆனால் இரவுச் சாப்பாட்டில் பள்ளிக்கூடக் கதை சொல்வது நின்றுபோனது. 'பாட்டி' என்று கூப்பிட ஐங்கரனுக்கும் வாய் வரவில்லை. அந்த வருடப் பரிசளிப்பு விழாவில் பேசச் சொல்லிக் கேட்டார்கள். வேறு ஆளைப் பாருங்கோ, நான் கதிரை அடுக்குறன் என்று சொல்லிவிட்டான்.

ஆடி மாதத்தில் கடைசிப் பள்ளி நாள். நாலாம் வகுப்பை 'வெளியே எறிகிற' நாள் என்று அதற்கு அங்கே பெயர். பெரிய வாசலுக்கு வெளியே தடித்த நீல மெத்தையைப் போட்டு, இரண்டு ஆசிரியர்கள் ஒவ்வொரு பிள்ளையையும் கையிலும் காலிலும் பிடித்து ஊஞ்சலாட்டி, ஒன்று இரண்டு மூன்று என்று எறிவார்கள். அதற்கு முன், முதலாம் வகுப்புப் பிள்ளைகள் தங்களை வருடம் முழுக்கப் பார்த்துக்கொண்டவர்களுக்கு வர்ணம் தீட்டிய கல் ஒன்றைக் கொடுப்பார்கள்.

பெற்றோர் கூட்டத்தின் பின்வரிசையில் ஐங்கரனும் கவிசாவும் நின்றார்கள். நிலக்சி ஓடிப்போய் எலிஃபின் கையில் கல்லை வைத்து, அவள் இடுப்பைக் கட்டிப்பிடித்தாள். ஆரணி வரிசையில் அதற்குப் பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்குக் கல் கொடுக்க யாரும் இல்லை. அவள் எலிஃபின் கல்லை வாங்கிப் பார்த்து, நல்ல வடிவு என்று சொன்னாள் போலிருந்தது. நிலக்சி வெட்கப்பட்டுச் சிரித்தாள். ஆரணியும் சிரித்தாள். கவிசா ஐங்கரனின் பக்கத்திலிருந்து கொஞ்சம் முன்னுக்குப் போய் நின்றுகொண்டாள்.

பிறகு ஆரணியின் முறை வந்தது. தலைமயிர் பறக்க மெத்தையில் விழுந்து எழும்பினாள். முதலாம் வகுப்புப் பிள்ளைகள், மற்ற எல்லாருக்கும் கத்திய மாதிரி, அவளுக்கும் கத்தினார்கள். ஐங்கரன் கைத்தொலைபேசியைப் பொக்கற்றிலிருந்து எடுக்கவே மறந்துபோனான்.

கூட்டம் கலையும்போது சயந்தன் அவன் பக்கத்தில் வந்து நின்றான். படிக்கட்டில் பேசியதற்குப் பிறகு அன்றைக்குத்தான் இருவரும் இவ்வளவு கிட்ட நின்றார்கள். சயந்தனின் கையில் தொலைபேசி இருந்தது.

"ஆரணியை எறியேக்க வீடியோ எடுத்தனான் அண்ணை. வடிவா வந்திருக்கு. அனுப்பட்டோ?"

ஐங்கரன் தன் இலக்கத்தைச் சொன்னான். நடுவில் இலக்கம் பிசகி, முதலிலிருந்து சொல்லவேண்டி வந்தது. சயந்தன் பொறுமையாக அழுத்தினான். பிறகு, பிள்ளை கூப்பிடுகிறாள், போயிட்டு வாறன் என்று சொல்லிவிட்டு நடந்தான்.